டச்சிங் போட்ட முகம்

– இவரு இல்லண்ணே.

– அவசரப்படாதீங்க தங்கச்சி. சன்னல்கிட்ட வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. இப்பத்தான் உறையிலேருந்து எடுத்துக் கையில குடுத்தேன். ஒரு மூச்சு முழுசா விடல, அதுக்குள்ள இல்லங்கிறீங்க.

– எத்தன தடவ பாத்தாலும் இல்லதான். இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, நான் கெளம்புறேன். பட்டினச்சேரிக்குப் பஸ்சு வந்துரும்.

– எழுதித் தர்றேன். தரமாட்டேன்னு சொல்லல. ஆனா இது என்ன, சேலை பாத்துட்டு வேணாம்னு வைக்கிற காரியமா? பூவத்துப் பக்கம் கரையில ஒதுங்குன ஆளு. அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. யாருன்னு கேட்டு ஒருத்தர் வரல. போலீசே பொதச்சாங்க. அன்னைக்குக் கேமராப் பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி மணல்ல மண்டி போட்டுப் படம் எடுத்தவன் நான். இந்த லத்தீப் ஸ்டுடியோவுல எடுக்கிறதும் நான், கழுவுறதும் நான். தெட்சிணாமூர்த்தின்னா டேசன்ல எல்லாருக்கும் தெரியும்.

– அவங்கதான் உங்ககிட்டப் போகச் சொன்னாங்க. அவங்ககிட்ட இருந்த படம் கேஸ் கட்டோட கோர்ட்டுக்குப் போயிருச்சாம். ஸ்டுடியோவுல ஒரு காப்பி இருக்கும், பாத்துட்டு ஆமாவா இல்லையான்னு எழுதி வாங்கியான்னாங்க. ஊருப் பஞ்சாயத்துலயும் அந்தக் காயிதத்தத்தான் கேக்குறாங்க.

– பஞ்சாயத்துக்கு எதுக்குக் காயிதம்?

– தாலிய வாங்கத்தான்.

– என்ன தங்கச்சி, வெடுக்குனு சொல்லிட்டீங்க.

– வேற எப்புடிச் சொல்றது? கோடியக்கரைக்குத் தொழிலுக்குப் போனவரு. மாசி மாசம் ஒருநாளு ஒத்தையாக் கட்டுமரத்துல போயிருக்காரு. மரம் கரைக்கு வந்துச்சு, ஆளு வரல. அன்னையிலேருந்து ஊரே எங் கழுத்தத்தான் பாக்குது. இப்ப ஒரு போலீஸ்காரரு பூவத்துல ஒதுங்குன ஆளப் பத்தி எங்க தலைவருகிட்டச் சொல்லிப்புட்டாரு. அவன்தான்னா கருமாதிய முடி, இல்லன்னா இல்லன்னு காயிதம் கொண்டான்னு தலைவரு சொல்லிட்டாரு.

– தொணைக்கு யாரும் வரலியா? அவரு கூடப் பொறந்தவங்க?

– கொழுந்தன் கண்ணையன் இருக்காரு. கடலுக்குப் போயிருக்காரு. அவரு எதுக்குண்ணே? பொண்டாட்டி சொன்னாப் போதும்னு தலைவரே சொல்லிட்டாரு.

– அது சரி, பையில பத்திரிகையெல்லாம் எட்டிப் பாக்குதே. மஞ்சத் தடவுன பத்திரிகை.

– எம் பொண்ணு விசாலாட்சிக்கு ஆவணியில கல்யாணம். இன்னும் பதினேழு நாளுதான் கெடக்கு. அவரு இருக்கிறப்பவே பேசி முடிச்ச எடம். துக்க வீடுன்னு ஆயிட்டா வருசம் திரும்பாமப் பந்தக்கால் நட முடியாது. மாப்புள்ள வீட்டுல அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. போன வாரமே அரை மனசாத்தான் பேசிட்டுப் போனாங்க.

– அப்பச் சரி. நீங்க சொல்ற காயிதம் மங்களமான காயிதம்தான். இப்புடி இந்த ஸ்டூல்ல உக்காருங்க. பேனாவ எடுக்குறேன். தேதி பன்னெண்டு, எட்டு, எம்பத்தொண்ணு. வீட்டுக்காரரு பேரு?

– முருகன் பேரு.

– முருகனுக்கு ஆயிரம் பேரு இருக்கே தங்கச்சி.

– சிக்கல்ல இருக்கிற சாமி.

– சிங்காரவேலு. சரிதானே? ஒங்க பேரு?

– நீலாயதாட்சி.

– ‘பட்டினச்சேரி சிங்காரவேலு மனைவி நீலாயதாட்சி ஆகிய நான், லத்தீப் ஸ்டுடியோவில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். அதில் இருப்பவர் என் கணவர் அல்ல.’ அடுத்து அடையாளம் எழுதணும். எதை வச்சு இல்லங்கிறீங்க? டேசன்ல அத மொதல்ல கேப்பாங்க.

– இல்லன்னா இல்லதானே. அதுக்கு என்ன அடையாளம்?

– சும்மா சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. எதாவது ஒண்ணு சொல்லுங்க.

– கண்ணு. கண்ணுன்னு எழுதுங்க. அவருக்கு இம்புட்டு அகலக் கண்ணு கெடையாது. இந்த ஆளு முழிச்சு முழிச்சுப் பாக்குறாரு.

– கண்ண வச்சு எழுத முடியாது.

– ஏன் முடியாது?

– அந்தக் கண்ணு நான் போட்டது.

– என்ன சொல்றீங்க?

– கண்ணு மூடித்தான் கெடந்தாரு. படத்துல தொறந்து விட்டது நான். உறை மேல எழுதியிருக்கேன் பாருங்க, ‘டச்சிங் முடிந்தது’ன்னு.

– செத்த ஆளுக்கா கண்ணத் தொறந்தீங்க?

– பதறாதீங்க. எல்லா ஸ்டுடியோவுலயும் நடக்குறதுதான். ஒரு வீட்டுல பெரியவரு தவறிப்போவாரு. உசுரோட இருந்தவரைக்கும் ஒரு படம் எடுத்திருக்க மாட்டாங்க. நாற்காலியில சாச்சு உக்கார வச்சு, தாடையத் துணியால கட்டி, வாங்க வாங்கன்னு ஆளு விடுவாங்க. கண்ணு மூடின படத்த எப்புடிச் செவுத்துல மாட்டுறது? மாலை போடுறப்ப புள்ளைங்கள அவரு பாக்க வேணாமா? அதுக்காக பிரிண்டு மேல பிரஷ்ஷால கண்ணத் தீட்டித் தொறந்து விடுவேன். இவரையும் அப்புடித்தான். சொந்தக்காரங்க யாராவது வந்தா, கண்ணு தொறந்திருந்தாத்தான் அடையாளம் தெரியும்னு நானே செஞ்சேன். யாரும் சொல்லல.

– அந்தப் படத்தக் கவுத்து வைங்கண்ணே. அந்தக் கண்ணு நேரா என்னையப் பாத்துச்சு. யாரு நீன்னு கேட்டாப்புல பாத்துச்சு.

– இந்தாங்க, தண்ணி குடிங்க. மெதுவா.

– டச்சிங்குன்னா என்னாண்ணே?

– அது ஒரு தொழில் வார்த்தை. எங்க மொதலாளி லத்தீப் பாயோட வாப்பா பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துலயே ஸ்டுடியோ வச்சவரு. அவரு ரெத்தூஷ்ம்பாரு. நாங்க டச்சிங்கிறோம். பொண்ணு பாக்குறதுக்குப் படம் எடுப்பாங்கல்ல, பொண்ணோட அம்மா போறப்ப காதுல வந்து சொல்லும், தம்பி லேசா டச்சிங் பண்ணிக் குடுங்கன்னு. மூஞ்சியில பருக்குழி இருக்கும், அத எடுத்துரணும்னு அர்த்தம். கிழவரு வருவாரு. டச்சிங் வேணாம்பாரு. நல்லாப் பண்ணச் சொல்றாருன்னு அர்த்தம். கார் ஷெட்டுல பெயிண்டு உரிஞ்ச எடத்துல வைக்கிறானே, அவனும் டச்சிங்கிறான். கல்யாணத்துல பவுடர் பூசிவிடுறவங்களும் டச்சப்புங்கிறாங்க. எல்லாம் ஒரே குடும்பம்தான்.

– கிழிஞ்ச வலையப் பொத்துறாப்புல.

– கரெக்டாச் சொன்னீங்க.

– இல்லண்ணே, கரெக்டு இல்ல. வலையப் பொத்துனா பொத்துன எடம் தெரியும். எங்க வீட்டு வலையக் கையில குடுத்தா, இது நான் பொத்துனது, இது அவரு பொத்துனதுன்னு இருட்டுல தடவிச் சொல்லுவேன். நீங்க பண்ணுறது தெரியவே மாட்டேங்குதே.

– தெரிஞ்சா அது டச்சிங் இல்ல தங்கச்சி.

– இருக்கிறத இல்லாம ஆக்குறது, இல்லாதத இருக்கிறதா ஆக்குறது. அதானே?

– அப்புடிப் போட்டு ஒடச்சுக் கேட்டா நான் என்ன சொல்ல? ஆமா, அதான். ஆனா ஒருத்தரையும் ஏமாத்த இல்ல. மனுசனுக்குத் தன் மூஞ்சியப் பாத்தா ஒரு நிம்மதி வேணும். அதுக்குத்தான்.

– நிம்மதிக்குத்தான்.

– சரி, கண்ண விடுங்க. வேற அடையாளம் சொல்லுங்க. காதுல ஓட்டை, பச்ச குத்துனது, மச்சம். எதாவது.

– தழும்பு.

– எங்க?

– கன்னத்துல. திருக்கை வாலு கிழிச்ச தழும்பு. இந்தப் படத்துல தழும்பு இல்ல. அதனால அவரு இல்லன்னு எழுதுங்க. என்னண்ணே, பேனாவ மூடிட்டீங்க?

– கன்னத்துலயா?

– ஆமா.

– எந்தக் கன்னம்?

– எடது.

– எம்புட்டு நீளம் இருக்கும்?

– ஒரு வெரலு நீளம். கூடக் கொறைய இருக்கும். எழுதுங்கண்ணே, பஸ்சு போயிரும்.

– பஸ்சு கெடக்கட்டும். தங்கச்சி, இத ஏன் வந்ததுமே சொல்லல?

– நீங்க கேக்கலியே.

– ஐயோ, மோசம் பண்ணிட்டேனே.

– ஒங்களுக்கு என்ன ஆச்சு?

– நான் கண்ண மட்டும் போடல. மூஞ்சி பூராவும் பண்ணியிருக்கேன். மணல் ஒட்டியிருந்துச்சு, எடுத்தேன். ஒதட்ட மீனு கடிச்சிருந்துச்சு, சரி பண்ணேன். கன்னத்துல என்னென்னமோ கோடு கோடா இருந்துச்சு. பாசியா, கீறலா, காயமான்னு நான் பாக்கல. பாக்குறதே இல்ல தங்கச்சி. பென்சில ஊசி மாதிரி சீவி நெகட்டிவ்வுல வச்சா, கை தானாப் போகும். கோடு கண்டா அடைக்கும். ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சி. மாட்டுக்காரனுக்கும் பண்ணுவேன், மணியக்காரருக்கும் பண்ணுவேன். அம்ம வடுவெல்லாம் அடைச்சுக் குடுத்து, ஒரு போலீஸ்காரரு இது நான் இல்லன்னு திருப்பிக் குடுத்திருக்காரு. அப்பச் சிரிச்சேன். இப்பச் சிரிக்க முடியல.

– அன்னைக்குத் தழும்பு பாத்தீங்களா, இல்லியா?

– ஞாபகம் இல்ல. அதுதான் என்னையக் கொல்லுது. இருந்திருந்தா அடைச்சிருப்பேன். அடைச்சிருந்தா எனக்கே தெரியாது.

– ஞாபகம் இல்லாததுக்கு எதுக்குண்ணே இம்புட்டு? நான் பொண்டாட்டி. இல்லங்கிறேன். எழுதிக் குடுங்க.

– நீங்க எதப் பாத்து இல்லங்கிறீங்க? நான் போட்ட கண்ணப் பாத்து, நான் அடைச்ச கன்னத்தப் பாத்து இல்லங்கிறீங்க. இதுல அவரு மூஞ்சி எங்க இருக்கு? நான் எங் கையாலயே ஒரு மனுசன அடையாளம் இல்லாம ஆக்கி வச்சிருந்தா, ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்க வருசக்கணக்கா வாசலப் பாத்துக்கிட்டு இருப்பீங்களே.

– இருந்துட்டுப் போறேன். எனக்குச் சம்மதம்.

– எனக்குச் சம்மதம் இல்ல. நெகட்டிவ்வுல போட்டது பென்சிலுதான். தொடச்சா போயிரும். டர்பன்டைன்ல பஞ்ச நனைச்சுத் தொடச்சு, புதுசா ஒரு பிரிண்டு போடுறேன். அரை மணி நேரம். தழும்பு இருக்கா இல்லியான்னு பாத்துருவோம்.

– வேணாம்.

– தொடைக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

– அண்ணே, கால்ல விழுந்து கேக்குறேன். தொடைக்காதீங்க.

– எந்திரிங்க. மொதல்ல எந்திரிங்க தங்கச்சி. என்ன இது?

– எம் பொண்ணு அங்க கையில மருதாணி போடுறதப் பத்திப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கு. அது அப்பா வந்துருவாரான்னு கேக்குது. வருவாருன்னு நான் சொல்லியிருக்கேன். பதினேழே நாளு. அந்தப் பதினேழு நாளுக்கு ஒரு சீட்டு. ஒங்களுக்கு என்ன குடிமுழுகிப் போச்சு?

– எனக்குக் குடிமுழுகித்தான் போச்சு. அஞ்சு மாசமா ஒரு பொணத்துக்குப் பேரு இல்லாமப் பண்ணிட்டு, சோறு தின்னு தூங்கியிருக்கேனேன்னு இருக்கு. இன்னொரு பக்கத்தையும் பாருங்க. தொடைச்சுப் பாத்துத் தழும்பு இல்லன்னு ஆயிட்டா? பொட்டுச் சந்தேகம் இல்லாம எழுதுவேன். ஒங்க கொழுந்தன் வந்தாலும், தலைவரு வந்தாலும், கலெக்டரே வந்தாலும் படத்தக் காட்டி நான் பேசுவேன். ஒங்க தாலிய எவனும் கேக்க மாட்டான்.

– தழும்பு இருந்தா?

– இருந்தா... இருந்தா நான் ஒங்க காலுல விழணும். வேற ஒண்ணும் தெரியல எனக்கு.

– பஞ்ச எடுத்துட்டீங்களா?

– எடுத்துட்டேன். தொடச்சும் முடிச்சுட்டேன். பேசிக்கிட்டே இருந்தா ஒங்க அழுகையில நின்னுருப்பேன். உள்ள இருட்டு ரூமுக்குப் போறேன். நீங்க இங்கயே இருங்க.

– நானும் வர்றேன்.

– வேணாம். காத்து கெடையாது, மருந்து நாத்தம் அடிக்கும்.

– நானும் வர்றேங்கிறேன்ல.

– வாங்க. கதவ நல்லாச் சாத்துங்க. செவப்பு லைட்டுதான் எரியும். பயப்படாதீங்க. இந்தப் பேப்பருல இப்ப ஒண்ணும் இல்ல, வெள்ளையா இருக்கும். இந்தத் தட்டுல இருக்கிற மருந்துல போட்டு ஆட்டுவேன். ஒவ்வொண்ணா எந்திரிச்சு வரும்.

– எது மொதல்ல வரும்?

– கருப்பா இருக்கிறது மொதல்ல. முடி வரும். மீசை வரும். தோலு கடைசியிலதான்.

– வருது.

– ஆமா. முடி. அந்தா, மீசை. தங்கச்சி, தட்டுல கைய வைக்காதீங்க, தள்ளி நில்லுங்க.

– நிக்கிறேன். நீங்க பாருங்க.

– எனக்குப் பாக்க தைரியம் இல்ல. இருந்தாலும் பாக்குறேன். எடது கன்னம் வருது. ஒதட்டு ஓரத்துல கடிச்ச எடம் தெரியுது. மணல் அங்கங்க. அப்புறம்... தங்கச்சி.

– என்ன?

– எடது கன்னத்துல ஒண்ணுமில்ல.

– வலது கன்னத்தையும் பாருங்க.

– எடதுன்னுதானே சொன்னீங்க?

– பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேனோ என்னமோ. பாருங்க.

– வலதுலயும் இல்ல. நெத்தியிலயும் இல்ல. பாசிதான் கோடா ஒட்டியிருக்கு. கண்ணுக்குக் கீழ லேசா ஊதியிருக்கு, அவ்வளவுதான். சுத்தமான மூஞ்சி தங்கச்சி. தழும்பே இல்ல. கேட்டுச்சா? இவரு ஒங்க வீட்டுக்காரரு இல்ல. கைய வச்சு அழுத்திச் சொல்றேன், இல்ல.

– கண்ணு மூடியிருக்கு.

– ஆமா, இதுதான் நெசம். இதுல நான் பண்ணுனது எதுவும் இல்ல. கடக்கரையில எப்புடிக் கெடந்தாரோ அப்புடியே இருக்காரு. ஏன் அழுகுறீங்க? சிரிக்க வேண்டிய நேரத்துல அழுகுறீங்களே. எனக்கு உசுரு திரும்பி வந்துருச்சு. யாரு பெத்த புள்ளையோ பாவம், ஆனா ஒங்க வீட்டு ஆளு இல்ல. வாங்க, வெளிய போவோம். பேனாவ எடுத்து மிச்சத்த முடிச்சுர்றேன். ‘என் கணவர் கன்னத்தில் தழும்பு உண்டு, இவர் முகத்தில் தழும்பு இல்லை.’ அடியில ஒங்க கைநாட்டு. சாட்சிக்கு என் கையெழுத்து.

– அந்தப் படத்த எங்கிட்டக் குடுங்க.

– ஈரமா இருக்கு தங்கச்சி. கழுவிக் காய வைக்கணும். இது ஒங்களுக்கு எதுக்கு? யாரோ எவரோ.

– பகல்ல தொழில் முடிச்சு வந்து படுத்தா இப்புடித்தான். ஒதட்ட லேசாத் தொறந்துக்கிட்டு, ஒரு புருவத்த மட்டும் சுருக்கிக்கிட்டு. புள்ள போயி மூக்கப் புடிச்சு எழுப்பும்.

– யாரு? நீங்க யாரச் சொல்றீங்க?

– முழிச்சுப் பாத்தப்ப யாரோன்னு சொல்லிப்புட முடிஞ்சுது. தூங்குறப்ப முடியல.

– தங்கச்சி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. தழும்புதான் இல்லியே. அதானே நான் எழுதப்போறேன்.

– எழுதாதீங்கண்ணே. அவரு மூஞ்சியில என்னைக்குமே தழும்பு கெடையாது.